கருப்பு போகாத ரெண்டு குழாய்

பிள்ளையார் பிடிக்கப்போய் குரங்கா முடிஞ்ச கதைன்னு சொல்லுவாங்களே, எங்க வீட்டுல அது ஒரு சைக்கிளால நடந்துச்சு. முதல்லயே சொல்லிடறேன், இதுல கடைக்காரர்மேல தப்பு இல்ல. சனி பகவான்மேலயும் தப்பு இல்ல. தப்பு என்மேல. இதை இன்னிவரைக்கும் என் வீட்டுக்காரிகிட்ட நான் சொல்லல, அதான் இங்க எழுதறேன்.

என் மகளுக்கு அப்போ பதினேழு முடியற நேரம். பதினெட்டுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு மாநில சைக்கிள் குழுவுல ஆள் எடுக்கறாங்க, காஹாங் ரோட்டுல ஞாயித்துக்கிழமை காலையில தேர்வு. ஆறு பேரைத்தான் எடுப்பாங்க. அடுத்த வருசம் அவளுக்கு வயசு தாண்டிரும், அதனால அவளுக்கு இருந்தது இந்த ஒரே ஒரு ஞாயிறுதான். மூணு வருசமா அஞ்சரை மணிக்கு எழுந்து, கூலாய்ல எங்க தாமான் வீடுங்களத் தாண்டி செம்பனைக் காட்டு ரோட்டுல ஓட்டிட்டு வந்து, குளிச்சிட்டு ஸ்கூலுக்குப் போற புள்ள. ஒரு நாள்கூட நாங்க அவளை எழுப்பினது கெடையாது.

சைக்கிள் சிங்கப்பூர்லருந்து வந்தது. அங்க வேலைக்குப் போயிட்டு வர்ற என் கூட்டாளி ஒருத்தன், யாரோ பாவிச்ச பழச வாங்கிக் கொண்டாந்து குடுத்தான். முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஒரே கருப்பு. வந்த அன்னைக்கே என் வீட்டுக்காரிக்கு முகம் சரியில்ல. கோயிலுக்குக் கொண்டுபோயி, ஐயர் தேங்காய் உடைச்சு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினதுக்கு அப்புறம்தான் வீட்டுக்குள்ள விட்டா. அப்பவும் சொன்னா, "கருப்பு சனியோட கலரு. கருப்பு வாகனம் நமக்கு ஆகாதுங்க."

"என் தலைமுடியும் கருப்புதான், அதையும் மாத்திடவா?"ன்னேன்.

"அது தன்னால மாறிக்கிட்டுத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

தேர்வுக்கு மூணு வாரம் இருக்கும்போது மகள் விழுந்தா. மழை விட்ட ஈர ரோட்டுல, தாமான் முனையில. முழங்கை தோல் போச்சு. அடுத்த வாரமே மறுபடியும் விழுந்தா, இந்தத் தடவை இடுப்புல அடி. லோரி ஒண்ணு பின்னால வந்து பிரேக் போட்டு நின்னதா பார்த்தவங்க சொன்னாங்க. அன்னைக்குப் பூரா வீட்டுக்காரி அழுதா. சாமிகிட்ட கேலி பேசற ஆளு நான். ஆனா லோரின்னு கேட்டவுடனே என் கேலியெல்லாம் எங்கயோ ஓடிப்போச்சு. சரி, கலரை மாத்திடுவோம்னேன்.

வீட்டுக்காரிக்குச் சும்மா பெயிண்ட் பத்தாது. "சுரண்டினா உள்ளருந்து கருப்பு எட்டிப் பார்க்கக் கூடாது. மஞ்சளா இருக்கணும், மங்களமா இருக்கணும்"னா. நான் பேக்டரியில போர்க்லிப்ட் ஓட்டறவன். அங்க ஒருத்தன் சொன்னான், தெப்ராவ்ல ஒரு கடை இருக்கு, வீட்டு கேட்டு, ஜன்னல் கிரில்லு, மோட்டார் ரிம்மு எல்லாத்துக்கும் பவுடர் கோட்டிங் போடறாங்க, பெயிண்ட் மாதிரி உரியாது, ஆயுசுக்கும் நிக்கும்னு. மகளுக்குச் சொல்ல வேணாம், திடீர்னு மஞ்ச சைக்கிளக் காட்டினா சந்தோசப்படுவான்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணினோம். தேர்வுக்கு முன்ன ஒரு வாரம் காலுக்கு ஓய்வு குடுக்கணும்னு அவ கோச் சொல்லியிருந்தாரு. சர்வீசுக்குப் போகுதுன்னு அவகிட்ட பொய் சொல்லி, திங்கக்கிழமை அவ ஸ்கூலுக்குப் போனதும் போன்ல வீடியோவப் பார்த்துப் பார்த்து நானே சக்கரம், பெடல், செயின் எல்லாத்தையும் கழட்டி, வெறும் ஃபிரேமத் தூக்கிக்கிட்டுப் போனேன்.

கடை தவுக்கே, அதான் முதலாளி, ஒரு சீனர், என் வயசுதான் இருக்கும். நல்ல மனுசன். கடைய முழுசா சுத்திக் காட்டினாரு. முதல்ல மணலை வேகமா அடிச்சுப் பழைய பெயிண்டை எடுப்பாங்க. அப்புறம் கொக்கியில தொங்கவிட்டுப் பவுடரத் தெளிப்பாங்க, கரண்டு ஓடறதால பவுடர் அப்படியே ஒட்டிக்கும். கடைசியா பெரிய அடுப்புக்குள்ள தள்ளி இருநூறு டிகிரியில வேகவச்சா பவுடர் உருகிப் பளபளன்னு ஆயிரும். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கோன்னாரு. சனிக்கிழமை பூட்டிடலாம், ஞாயிறு ஓட்டிடலாம். கணக்கு எனக்குச் சரியாத்தான் பட்டுச்சு.

புதன்கிழமை, நான் போர்க்லிப்ட்மேல இருக்கும்போது போன் வந்துச்சு. தவுக்கே மலாய்ல பேசினாரு. மத்த இடமெல்லாம் பளிச்சுன்னு வெள்ளையா வந்திருச்சு, சீட்டுக்குக் கீழருந்து பின்சக்கரத்துக்குப் போற ரெண்டு குழாயில மட்டும் எவ்வளவு அடிச்சாலும் கருப்பு போக மாட்டேங்குதுன்னாரு.

கருப்பு போக மாட்டேங்குது. இந்த வார்த்தைய நான் அப்படியே வீட்டுக்காரிகிட்ட போன்ல சொன்னேன். அங்கதான் நான் கெட்டேன்.

"பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல? அது லேசுல விடாதுங்க. பிடிச்சுக்கிட்டு நிக்குது. எப்படியாவது மூடச் சொல்லுங்க!" அவ குரல் நடுங்குச்சு. அது நடுங்கினா எனக்கும் நடுங்கும்.

திரும்ப தவுக்கேயக் கூப்பிட்டேன். "அது பழைய பெயிண்டுதான் பாஸ், கெட்டியா அடிச்சிருக்கான். அது மேலயே மஞ்சளப் போட்டு மூடிருங்க."

"பெத்துல் கா? எல்லாம் அலுமினியம்தானே? அடுப்புல போகப் போகுது." உண்மையான்னு ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவை.

"பெத்துல் லா, பாஸ்!"ன்னு கத்தினேன். எனக்கு என்ன தெரியும்? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகள்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாம். என் பொல்லாத நேரம், சூப்பர்வைசர் வேற கீழருந்து முறைச்சுக்கிட்டு நின்னான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டு தெப்ராவுக்குப் போனேன். கொக்கியில தொங்குது ஃபிரேம், அப்படி ஒரு மஞ்சள். கண்ணுல தண்ணி வந்திருச்சு. தவுக்கே மட்டும் சிரிக்கல. பின்னால இருந்த குழாயில ஒண்ணப் பிடிச்சு மெதுவா ஆட்டினாரு. ஆடுச்சு. இன்னும் கொஞ்சம் இழுத்தாரு. சீட்டுக்குக் கீழ இருந்த சந்துலருந்து கழண்டு கையோட வந்திருச்சு. ஒரு கருகின வாடை.

"இது அலுமினியம் இல்ல, கார்பன். பசை போட்டு ஒட்டியிருக்கான். அடுப்புச் சூட்டுல பசை செத்துப் போச்சு. நான் உன்னை ரெண்டு வாட்டி கேட்டேன்ல?"

அலமாக்! அந்தக் கருப்பு பெயிண்டே இல்ல. குழாயே கருப்பு. உள்ளயும் வெளியயும் அதேதான். ஆயிரம் வருசம் மணல் அடிச்சாலும் போகாது. நான் அங்கயே சிமிந்தித் தரையில உக்காந்துட்டேன். வெல்டிங் வைக்க முடியுமான்னு கேட்டேன். கார்பன எப்படிடா வெல்டிங் வைப்பாங்கன்னாரு. வேற ஃபிரேம் கெடைக்குமான்னு கேட்டேன். நான் வீட்டு கேட்டுக்குப் பவுடர் போடறவன்பா, என்கிட்ட சைக்கிள் ஏதுன்னாரு. அந்த ஆளு எனக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தாரு. கோவமும் இருந்துச்சு அவர் முகத்துல, பாவமும் இருந்துச்சு.

அடுத்து நான் செஞ்சதை எழுதக் கை கூசுது. பக்கத்து ஹார்ட்வேர் கடையில ரெண்டு டியூப்பையும் கலந்து பூசற பசைய வாங்கினேன். காருக்குள்ள உக்காந்து, அந்தக் குழாய மறுபடியும் சொருகி ஒட்டினேன். வழிஞ்சதை என் சட்டையால தொடைச்சேன். அரைமணி நேரம் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நின்னுச்சு. வெளியருந்து பார்த்தா ஒண்ணும் தெரியல. தேர்வு ஒரு இருபது கிலோமீட்டர்தானே, தாங்கிடும், முருகா தாங்கிடுப்பான்னு வேண்டினேன். புள்ள இறக்கத்துல அறுபதுல போவா. அது தெரிஞ்சும் வேண்டினேன். பெத்த அப்பன் நான்.

ஸ்கூல் வாசல்ல மகள் வந்து காரோட பின்கதவத் திறந்தா. மஞ்சளப் பார்த்ததும், "ப்பா! என் சைக்கிளா இது? அழகா இருக்குப்பா!"ன்னு கத்தினா. நான் ஸ்டீரிங்கப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணாடியில அவ சிரிப்பு தெரியுது. கொஞ்ச நேரத்துல சிரிப்பு நின்னுபோச்சு.

"ப்பா. இதை அடுப்புல வச்சாங்களா?"

நான் இஞ்சின நிறுத்தினேன்.

"பின்னால ரெண்டும் கார்பன்பா. அவங்ககிட்ட சொன்னீங்கல்ல?"

சொல்லலன்னு தலைய ஆட்டினேன். அவ கைய வச்சு இழுத்தா. என் பசை ஒரு நிமிசம்கூட தாங்கல. குழாயக் கையில வச்சுக்கிட்டு அதுல ஈரமா இருந்த பசையத் தொட்டுப் பார்த்தா, அப்புறம் என் சட்டையப் பார்த்தா. அவளுக்குப் புரிஞ்சு போச்சு. நான் என்ன பண்ணப் பார்த்தேன்னு முழுசாப் புரிஞ்சு போச்சு. நான் உடைஞ்சு அழுதுட்டேன். ஸ்கூல் பிள்ளைங்க பார்த்துக்கிட்டே போவுதுங்க, எனக்கு வெக்கமே இல்ல. எல்லாத்தையும் சொன்னேன், அவ விழுந்தது, அம்மா பயந்தது, சனி, கருப்பு, எல்லாம்.

"டயர் வழுக்கையாயிருச்சுப்பா, அதான் விழுந்தேன்"னா. சத்தம்கூட போடல. "மாத்தணும்னு உங்ககிட்ட சொன்னேனே."

சொல்லியிருக்கா. நெனைச்சுப் பார்த்தா மூணு தடவை சொல்லியிருக்கா. சம்பளம் வரட்டும்மான்னு நான்தான் தள்ளிப் போட்டிருக்கேன்.

வீட்டுக்காரிகிட்ட உண்மையச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. சொன்னா அவ தன்னைத்தானே கொன்னுபோட்டுக்குவா, அப்படி ஒரு மனசு அவளுக்கு. கடையில அடுப்பு கெட்டுப் போச்சாம், அடுத்த வாரம்தான் கெடைக்குமாம்னு காருல இருந்தே போன் போட்டுச் சொன்னேன். மகள் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே வந்தா. உடைஞ்ச ஃபிரேமக் கூட்டாளி வீட்டுல போட்டுட்டோம்.

சனிக்கிழமை பூரா பிச்சைக்காரன் மாதிரி அலைஞ்சேன். தெரிஞ்சவன், தெரியாதவன், எல்லாருக்கும் போன். கடைசியில ஸ்கூடாய்ல ஒரு மனுசன் தன் சைக்கிளக் குடுத்தாரு. ஆறடி ஆளு அவரு. சீட்ட அடிமட்டத்துக்கு இறக்கியும் என் மகளுக்குப் பெடல்ல கால் கட்டைவிரல்தான் எட்டுச்சு. பரவால்லப்பான்னா.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரிக்கு பேக்டரியில ஓவர்டைம். நாங்க ரெண்டு பேரும் மட்டும் காஹாங் போனோம். ஒவ்வொரு பிள்ளையா ரெண்டு நிமிசம் விட்டு அனுப்பினாங்க. நான் முடியற இடத்துல செம்பனை மரத்தடியில நின்னேன். என் மகள் வர்றது தூரத்துலயே தெரிஞ்சுச்சு. மத்த பிள்ளைங்க சீட்டுல அசையாம வந்துச்சுங்க, இவ ஒவ்வொரு மிதிக்கும் இடுப்ப அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாச்சுச் சாச்சு வந்தா. மிதிம்மா, மிதிம்மான்னு கத்தினேன், என் தொண்டை கிழிஞ்சுச்சு. கோட்டத் தாண்டி இறங்கினப்போ அவளால நிக்க முடியல. தொடை உள்பக்கம் உரசி ரத்தம்.

ஏழாவதா வந்தா. ஆறாவதா வந்த பிள்ளைக்கும் இவளுக்கும் ஒன்பது வினாடி. கோச் என் பக்கத்துல வந்து, "ஏன் சார் இந்தச் சைக்கிள்ல விட்டீங்க? அவ சைக்கிள்ல முதல் மூணு பேருல வந்திருப்பா"ன்னாரு. திட்டினா நல்லாருந்திருக்கும், அவரு திட்டல. மகள் போயி எடுபட்ட ஆறு பேருக்கும் கை குடுத்தா.

காருகிட்ட வரும்போது வீட்டுக்காரி போன். மத்தியான சாப்பாட்டு நேரம் போல, பின்னால பேக்டரி சத்தம். என் கையிலருந்து போன மகள் வாங்கி ஸ்பீக்கர்ல போட்டா.

"என்னம்மா, கெடைச்சுச்சா?"

"இல்லம்மா. ஏழாவது."

அந்தப் பக்கம் அவ அழுதா. "அந்தக் கடைக்காரன் நல்லா இருப்பானா? மஞ்ச சைக்கிள் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா உனக்குக் கண்டிப்பா கெடைச்சிருக்கும்டி. என் மனசு சொல்லுச்சு!"

மகள் என்னைப் பார்த்தா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

"ஆமாம்மா"ன்னா. "வந்திருந்தா கெடைச்சிருக்கும். நீ அழாம சாப்பிடு."