ஜீரோ என்றால் ஃபுல் டேங்க்

காலை எட்டு ஐந்து. சாவியைத் திருப்பியதும் நான் முதலில் பார்த்தது டிரிப் மீட்டரில் இருந்த 1.4 என்ற எண். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கும் திருச்சி ரோட்டுப் பெட்ரோல் பங்குக்கும் இடையே உள்ள தூரம் அது. டேங்க் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பத்து நிமிடம் முன்புதான் கொடுமுடியிலிருந்து அக்கா போன் செய்திருந்தாள்.

"ஏங்கண்ணு, இன்னிக்குப் பத்தரைக்குப் பதிவுன்னு தம்பி சொல்றான். ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுப்போடோணுமாமா."

"உனக்கு எப்பச் சொன்னாங்க?"

"நேத்து ராத்திரி. உங்கிட்டச் சொல்லீட்டயான்னு கேட்டேன். சொல்லிக்கலாமுன்னான்."

தம்பி என்று அவள் சொல்வது எனக்கு அண்ணன். அப்பா விட்டுப்போன தோட்டத்தில் மூன்று பேருக்கும் பாகம் உண்டு. என் பாகத்தை விட்டுத்தர முடியாது என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தேன். மீதி இருந்தது அக்கா. தன் பாகம் வேண்டாம் என்று அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் எதிர்பார்த்தார். எங்கள் பக்கத்தில் பெண்கள் இதில் கையெழுத்துப் போடுவதைப் பெருந்தன்மை என்று பேசுவார்கள். ஆண்கள் யாரும் அந்தப் பெருந்தன்மையைக் காட்டி நான் பார்த்ததில்லை. அக்காவுக்குக் கொடுக்க மனமில்லை. மச்சான் இறந்தபிறகு அவளுக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த நிலம் ஒன்றுதான்.

"நீ வந்து பக்கத்துல நின்னுக்கோ சாமி. நின்னீன்னா முடியாதுன்னு சொல்லிப்போடுவேன். தனியா நின்னா செரிங்கன்னுதான் வாயில வரும்."

"வாரேன். நான் வர்ற வரைக்கும் பேனாவைத் தொடாதே."

என்னிடம் இருப்பது நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்றே வாங்கிய வண்டி. டேங்க் பதினைந்து லிட்டர். சீராக எழுபதில் போனால் லிட்டருக்கு முப்பத்து மூன்று வரை கொடுக்கும், எண்பதைத் தாண்டினால் இருபத்தெட்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு என் கணக்கில் எல்லாமே இரண்டு குறைந்துவிட்டது. எப்படி ஓட்டினாலும் நானூறுக்கு மேல் நம்பக் கூடாது என்று வைத்திருந்தேன்.

இந்தக் கணக்கெல்லாம் ஆசைக்காக அல்ல. டேங்குக்குள் இருக்கும் மிதவை கெட்டுப்போய், பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். எச்சரிக்கை விளக்கும் அதே மிதவையை நம்பித்தான் எரிகிறது என்பதால் அதுவும் செத்தது. புது மிதவைக்குச் சொல்லி மூன்று மாதமாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் சர்வீஸ் சென்டரில் ஒரே பதில்: "வந்துருமுங்க மேடம்." வரவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கும் ஊரில், இல்லாத ஒன்றுக்காக மூன்று மாதம் காத்திருக்க வைப்பது மரியாதைக் குறைவில்லை.

அதனால் வீட்டில் ஒரே ஒரு விதி வைத்தேன். பெட்ரோல் போட்டால் மூடி வரை போட வேண்டும். போட்டவர் டிரிப் மீட்டரை ஜீரோவுக்குத் திருப்ப வேண்டும். ஜீரோ என்றால் ஃபுல் டேங்க். வண்டியை எடுக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

முந்தின நாள் அண்ணன் கோயம்புத்தூரில் இருந்தார். அவர் கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றதால், கருமத்தம்பட்டியில் ஒரு தறி பார்க்க வேண்டும் என்று என் வண்டியைக் கேட்டார். மீட்டரில் அப்போது 388. காட்டியே கொடுத்தேன்.

"பெட்ரோல் தீரப்போகுதுங்கணா. போறப்பவே ஃபுல் பண்ணீருங்க."

"அதெல்லாம் பாத்துக்கறேன் அம்மணி. எத்தனை குடுக்குது இது?"

"முப்பது."

"முப்பதா? இதுக்கு ஆட்டோவுலயே போயிரலாம்."

சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கழுவிக்கூட வைத்திருந்தார். "பெட்ரோல் போட்டுட்டனுங்க அம்மணி" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, காபி குடித்து, பிள்ளைகளை விசாரித்து, ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தார். அடுத்த நாள் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பல்லடம் வரை லாரிகள். அதன் பிறகு ரோடு திறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகில் தள்ளியதால், எண்பதில் போயும் எஞ்சின் சிரமப்படவில்லை. காங்கயம் தாண்டியதும் கணக்குப் போட்டேன்: பத்தேகாலுக்குக் கொடுமுடி. வெள்ளகோவிலில் பங்கைப் பார்த்தேன், நிற்கவில்லை. மீட்டரில் தொண்ணூறுகூட ஆகவில்லை. நிற்பதற்கு என்ன காரணம் இருந்தது?

முத்தூர் தாண்டி, 103-இல் வண்டி இரண்டு முறை திக்கியது. பிறகு அணைந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே சத்தமே இல்லை. கொடுமுடிக்கு இன்னும் பத்து கிலோமீட்டர்.

ரோட்டோரத்தில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காற்று பின்னால் இருந்ததால் லிட்டருக்கு முப்பத்தொன்று. நூற்று மூன்று கிலோமீட்டர். அடியில் கிடந்த சொச்சத்தைக் கழித்தால் மூன்று லிட்டர். அண்ணன் காலி டேங்கிலேயே போய்வந்து, கடைசியில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பங்கில் மூன்று லிட்டர் போட்டிருக்கிறார். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அடியில் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுப்பார்களே, அந்த மரியாதைக்கு மூன்று லிட்டர். அப்புறம், விதி என்று நான் சொன்னது நினைவு வந்து, பொறுப்பாக மீட்டரை ஜீரோவுக்குத் திருப்பியிருக்கிறார். பெட்ரோல் போடாமல் விட்டிருந்தால் 440 என்று காட்டியிருக்கும். நான் முதல் பங்கிலேயே நின்றிருப்பேன்.

வேண்டுமென்றே செய்தாரா என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எங்க கண்ணு இருக்கே? டோக்கன் கூப்பிடப் போறாங்க."

"முத்தூர்கிட்ட. பெட்ரோல் தீந்துபோச்சு. அரை மணி நேரம் எப்படியாச்சும் தள்ளு."

"எப்படிச் சாமி தள்ளறது? எல்லாரும் சுத்தி நிக்கறாங்க."

"தலை சுத்துதுன்னு சொல்லு."

"சொன்னா தம்பி சோடா வாங்கியாந்துருவானே" என்றாள். அந்த நிலையிலும் அது உண்மையாகத்தான் இருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நூறடி போவதற்குள் எதிரே மொபெட்டில் ஒருவர் வந்து நின்றார். பின்னால் இரண்டு பால் கேன். வண்டியை ஒரு சுற்று பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, தள்ளீட்டு வாரீங்க? வண்டி நல்லா ஜம்முனு இருக்குது. எத்தனைங்க மைலேஜு?"

"பெட்ரோல் இல்லைங்க. என்னைக் கொடுமுடில எறக்கி உட முடியுங்களா? அவசரமுங்க."

"எதுக்குங்க இத்தனை பெரிய வண்டிய ரோட்டுல உட்டுப்போட்டு? இதா, அந்தத் திருப்பத்துல கடையில பாட்டில்ல இருக்குதுங்க. அஞ்சு நிமிசம். நான் வாங்கியாந்து தாரேன்."

"உறுதியா இருக்குதுங்களா?"

"இருக்குமுங்க."

இருக்குது என்று நான் கேட்டேன். இருக்கும் என்று அவர் சொன்னார். அவர் போனபின் ஒரு பஸ் கொடுமுடிப் பக்கம் போனது. கையைக் காட்டினேன், நிற்கவில்லை. இருபது நிமிடம் கழித்து வந்தார். அந்தக் கடையில் இல்லையாம். இன்னொரு கடைக்குப் போனாராம். அங்கே ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம், எழுப்புவது நன்றாக இருக்காது என்று நின்றாராம். கையில் ஒரு லிட்டர் இருந்தது. ஊற்றும்போதும் விடவில்லை.

"நம்முது அறுபது குடுக்குமுங்க. உங்களது எத்தனைன்னு சொல்லவே இல்லீங்களே?"

"முப்பதுங்க!" நான் கத்திய கத்தலில் அவர் ஒரு எட்டு பின்னால் போனார். பிறகு, "பாத்துப் போங்க அம்மணி, கோவத்துல ஓட்டாதீங்க" என்றார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். உதவிதான் செய்தார். ஆனால் அன்று காலை எனக்கு உதவி செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் என்னை அந்த ரோட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தியபோது பதினொன்று ஆகியிருந்தது. அண்ணன் காரில் சாய்ந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அக்கா வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். இடது கட்டை விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். மை போகவில்லை.

"செரிங்கன்னுட்டேன் கண்ணு" என்றாள்.

"ஒரு கா மணி நேரம் நிக்க முடியலயா உன்னால?"

"வாசலையே பாத்துட்டிருந்தேன். அந்த ஆபீசரு, 'சம்மதந்தானுங்களாம்மா'ன்னு அத்தனை மரியாதையாக் கேட்டாரு. தம்பியும் என்னையே பாத்துட்டு நின்னான்."

அண்ணன் போனை வைத்துவிட்டு வந்தார். "அட, அம்மணி! நீ எங்க இங்க? சொல்லியிருந்தா காருலயே கூட்டியாந்திருப்பேனே."

"எத்தனை லிட்டர் போட்டீங்க?"

"என்னது?"

"நேத்து. என் வண்டிக்கு. எத்தனை லிட்டருங்கணா?"

"மூணு போட்டேன். ஏன், பத்தலயா?"

"எதுக்கு மீட்டரை ஜீரோ பண்ணுனீங்க?"

"நீதானே அம்மணி சொன்னே, பெட்ரோல் போட்டா ஜீரோ பண்ணோணுமுன்னு." அவர் முகத்தில் எதையும் மறைப்பதாகத் தெரியவில்லை. மறைக்கத் தெரிந்த முகமா அது என்பதும் எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாக அந்த முகத்தைப் பார்த்துவருகிறேன்.

"அவ குடுக்க மாட்டேன்னுதான் இருந்தாங்கணா. உங்களுக்குத் தெரியும்."

"செரின்னுதானே சொன்னாங்க? நானா கையப் புடிச்சு வெச்சேன்? கேட்டுப் பாரு." அக்காவின் பக்கம் திரும்பி, குரலை மாற்றிக்கொண்டு, "ஏனுங்கக்கா, நான் ஏதாச்சும் கட்டாயப்படுத்துனேனுங்களா?" என்றார்.

"இல்லை தம்பி" என்றாள் அக்கா.

நான் அவளையே பார்த்தேன். அவள் என் ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

அண்ணன் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார். "வாங்க, சாப்பிட்டுப் போலாம். நேரமாச்சு. அம்மணி, நீ பின்னாலயே வந்துரு."

அக்கா காருக்குள் ஏறி, சேலை கதவில் சிக்காமல் இழுத்துக்கொண்டாள்.