கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

மைசூரில் மைத்துனனுக்குத் துணையாகக் கீமோ வார்டில் இருந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சிகிச்சையால் தலை வழுக்கை. எனக்கு அது சிகிச்சையே இல்லாமல் வாய்த்தது.

கனடாவிலிருந்து அவர் மகள் வீடியோவில் வந்தாள். “ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டீங்களாப்பா?”

ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக் காட்டினார். அழைப்பு முடிந்ததும் கன்னத்திலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் மடித்தார்.

“என்ன சார் இது?”

“கீமோவோட வேலையைக் கெடுத்துடலாமாம். பேடவே பேட, வேண்டாம்னுட்டார் டாக்டர்.”

“மகள்கிட்ட சொல்லிடலாமே?”

“லீவு கிடைக்கலைன்னு அழுதா சார். இதை அனுப்பினப்புறம்தான் தூங்கறா. அதையும் பிடுங்கணுமா?”

முடி முளைக்குமென்று அதே மாத்திரையை நிஜமாகவே விழுங்கிவருகிறவன் நான்.

சாயங்காலம் மறுபடி போன் அடித்தது. தண்ணீரை நானே ஊற்றிக் கொடுத்தேன். சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.