இறுக்கும் கை

எங்கள் பௌலிங் கூடத்தில், பந்துகள் வரிசையாகக் கிடக்கும் தட்டுக்குப் பக்கத்தில், ஞாயிறுதோறும் ஒரு நீலநிறத் தண்ணீர் பாட்டில் நின்றிருக்கும். அது என்னிடம் ஆட்டம் கற்க வரும் ஓர் அக்காவுடையது. அவர் மூடிய பாட்டிலை எங்களில் யாராலும் திறக்க முடிந்ததில்லை. நான் துப்பட்டாவை மூடிமேல் சுற்றித் திருகிப் பார்ப்பேன். கவுண்டரில் இருப்பவர் பாட்டிலை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு முயல்வார். அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து, "இன்னா, பாட்டிலோட குஸ்தியா?" என்று கேட்டு, ஒரே திருகில் திறந்து நீட்டுவார். குடித்துவிட்டு நான் மூடினால் அவருக்கு மனம் ஆறாது. வாங்கி, ஏற்கெனவே மூடியிருப்பதை இன்னொரு முறை இறுக்கித்தான் கீழே வைப்பார். அந்த இன்னொரு திருகலை நான் அப்போதெல்லாம் ஒரு பழக்கம் என்று மட்டுமே எண்ணியிருந்தேன்.

நான் சித்தூர்ப் பெண். உடற்கல்வி படித்து, பள்ளி வேலைக்குக் காத்திருந்த காலத்தில் திருப்பதியில் ஒரு மாலின் மேல்தளத்தில் இருக்கும் இந்தக் கூடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். மலையிலிருந்து இறங்கியதும் மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் வந்து, ஒரு மணி நேரம் பந்து உருட்டிவிட்டு ரயிலுக்கு ஓடும் குடும்பங்களே எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களுக்குப் பயிற்சியாளர் தேவையில்லை. பந்தை நேராக உருட்டுவார்கள். லேனின் கோடியில் முக்கோணமாக நிற்கும் கட்டைகளில் விழுந்ததைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் ஆட்டத்தில் நிலைக்க விரும்புகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். நேராகப் போகும் பந்து, முதலில் நிற்கும் கட்டையை நெற்றியில் மோதி, நடுவை மட்டும் வாரிக்கொண்டு போய்விடும். இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு கட்டை அசையாமல் நின்று நம்மைப் பார்க்கும். பந்து கடைசியில் வளைந்து, பக்கவாட்டில் நுழைந்தால்தான் எல்லாம் சாயும். அந்த வளைவுக்குப் பெயர் ஹூக். நேர்ப்பந்துக்காரர்களுக்கு ஹூக் கற்றுத் தருவதுதான் என் வேலை.

அக்கா நகரியைச் சேர்ந்தவர். வீட்டில் கணவர் விசைத்தறி ஓட்டினார். அக்கா விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தார். அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தம் முடியும் மாதங்களில் அந்தப் பெண்களிடையே பல பேச்சுகள் சுற்றும். அவற்றில் ஒன்று, கம்பெனி விளையாட்டு அணிகளில் இருப்பவர்களை வேலையைவிட்டு எடுப்பதில்லை என்பது. கபடிக்கும் கைப்பந்துக்கும் இளம்பெண்கள் போய்விட்டார்கள். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மிஞ்சியது பௌலிங். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திருப்பதிக்கு வந்த அந்தச் சிறு கூட்டத்தில் அக்காவின் பந்துதான் மிக நேரானது; கோடு கிழித்ததுபோல் போகும். ஆனால் விளையாட்டுப் பொறுப்பிலிருந்த அதிகாரி, நேர்ப்பந்து போடுகிறவர்களை அணியில் எடுக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். என்னிடம் மற்றவர்கள் பொழுதுபோக்காகக் கற்க, இந்தப் பெண்கள் ஒப்பந்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்றார்கள்.

பாடம் எளிது. முதலில் கட்டைவிரல் பந்தின் துளையிலிருந்து வெளியே வர வேண்டும். பிறகு மற்ற இரண்டு விரல்களும் பந்தை மெல்லத் தூக்கிவிட வேண்டும். கடைசியில் எதிரில் இருப்பவரோடு கைகுலுக்குவதுபோல் கை நிற்க வேண்டும். அப்படிச் செய்தால் வலக்கைக்காரரின் பந்து இடப்பக்கம் வளையும். அக்காவின் பந்து வலப்பக்கம் வளைந்தது. கை குலுக்குவதற்குப் பதிலாக அவர் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பி, யாரையோ தள்ளிவிடுவதுபோல் நின்றது. சொன்னேன், செய்து காட்டினேன், மணிக்கட்டைப் பிடித்து நடத்தினேன். பிடித்திருக்கும்வரை வரும், விட்டதும் மாறிவிடும். "என் கையி உன் பேச்சக் கேக்க மாட்டேன்குது டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்து, பாட்டிலை மூடி, இன்னொரு முறை இறுக்கினார். அப்போதுதான் கண்டேன். பந்தை விடும் கணத்தில் அவர் கை செய்தது அதே திருகலைத்தான்.

"அக்கா, வேலையில என்ன பண்றீங்க?"

"ஸ்க்ரூ பாப்பேன். மிஷினு முடுக்கினது டைட்டா கீதான்னு கையால ஒரு முறுக்கு முறுக்கிப் பாத்துட்டு அனுப்புவேன். காலைலருந்து பொழுது போற வரைக்கும் அதான்."

பல ஆண்டுகளாக ஒரே திசையில் இறுக்கிய கை அது. நான் கேட்டதோ நேர் எதிர்த்திசை.

"அப்போ டைட் பண்ணாதீங்கக்கா. லூஸ் பண்ற மாதிரி விடுங்க."

"யாரப் பாத்து லூஸுன்ற?"

அதன் பிறகு அக்கா பந்தோடு ஓடும்போதெல்லாம் நாற்காலிகளிலிருந்து கூட்டாளிப் பெண்கள் "லூஸு, லூஸு" என்று குரல் கொடுத்தார்கள். பக்கத்து லேனில் இருந்த மொட்டைத் தலைகள் திரும்பிப் பார்த்தன. அக்காவும் ஓட்டத்தின் நடுவிலேயே, "இருங்கடி, வந்து வச்சிக்கிறேன்" என்பார். ஆனால் அந்தச் சொல் வேலை செய்தது. சில வாரங்களில் பந்து வலப்பக்கம் போவதை நிறுத்தியது. பிறகு, தயங்கித் தயங்கி, இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. முதன்முறையாக அது முழுதாக வளைந்து எல்லாக் கட்டைகளையும் சாய்த்தபோது அவர் சிரிக்கவில்லை. தன் கையை, வேறொருவருடையதைப்போல், புரட்டிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு வந்ததும் பந்தை எடுக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நேத்து ஒரு பீஸு திரும்பி வந்துச்சு டீச்சரம்மா. ஸ்க்ரூ லூஸாம். நான் பாத்து அனுப்பினது." இம்முறை நாற்காலிகளில் யாரும் சிரிக்கவில்லை. மேற்பார்வை பார்க்கும் லைன் லீடர் அந்தப் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாராம், அவ்வளவுதான். ஒப்பந்த மாதத்தில் அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று அவர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மாலை சித்தூர் பஸ்ஸில், காணிப்பாக்கம் கூட்டுரோடு கடந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்கும் பாடம் அந்த வேலையையே பறிக்குமானால், கற்பிப்பவரின் கடமை எது? நிறுத்திவிட்டால் அவருக்கு அணியில் இடமில்லை. தொடர்ந்தால் இன்னொரு பீஸ் திரும்பி வரும். மனித உடல் எதையும் கற்கும் என்றுதான் கல்லூரியில் படித்தேன். கற்றதற்குப் பதிலாக எதைக் கைவிடும் என்று எந்த வகுப்பிலும் பேசவில்லை. வழி அவர் சொன்னதிலேயே இருந்தது. கிளம்பும்போது, சற்றுக் கோபமாகவே, "என் கையி அது பாட்டுக்கு இருக்கட்டும். மத்தத எதுனா மாத்து" என்றிருந்தார்.

மாற்றக்கூடிய மற்றது அவர் நிற்கும் இடம். வலப்பக்கம் வளையும் பந்துக்கு இடது ஓரத்தில் நின்று வீச வேண்டும். இடக்கைக்காரர்கள் செய்வது அதுதான். வலக்கைக்காரர் அப்படி ஆடினால் பார்க்கிறவர்களுக்குத் தவறாகத் தெரியும். முழங்கைக்கும் சுமை அதிகம் என்பதால் கனம் குறைந்த பந்தைக் கொடுத்தேன். லூஸ் என்ற சொல்லை எல்லோரும் விட்டுவிட்டோம். "டைட்டு, டைட்டு" என்று நாற்காலிகள் கத்தின. தொழிற்சாலையில் ஸ்க்ரூக்கள் இறுகின. எந்தப் பீஸும் திரும்பவில்லை.

அணித் தேர்வு எங்கள் கூடத்திலேயே நடந்தது. அக்கா இடது ஓரத்தில், தவறிய பந்து விழும் பள்ளத்தை ஒட்டிப் போய் நின்றதும், அதிகாரி கையை வீசி, "அம்மா, அக்கட காது, இக்கட" என்று, அங்கே இல்லை இங்கே எனத் தெலுங்கில் சொல்லி, வலப்பக்கத்தைக் காட்டினார். அக்கா நகரவில்லை. "இக்கடே சார்" என்று சொல்லிவிட்டு வீசினார். பந்து பள்ளத்தின் விளிம்போடு உருண்டு, விழுந்துவிடும் என்று எல்லோரும் நினைத்த இடத்தில் உள்ளே திரும்பியது. கட்டைகள் சாய்ந்த ஓசை அடங்கியதும் அதிகாரி கேட்டது ஒன்றுதான்: "இது ஹூக்கா?" நான், "வளைகிறது சார்" என்றேன். அன்றைய ஆட்டத்தில் அக்கா முதலாவதாக வரவில்லை. அணியின் கடைசி இடத்தில் அவர் பெயர் இருந்தது. ஒப்பந்தமும் நீண்டது, மறுபடி ஒப்பந்தமாகவே. பெர்மனென்ட் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

இன்றும் அக்கா ஞாயிறுதோறும் வருகிறார். சென்ற வாரம் தாகத்தில் அவர் பாட்டிலை எடுத்தேன். துப்பட்டாவை எடுக்குமுன்பே, தொட்டதும் மூடி கழன்று வந்துவிட்டது. வேறு யாரோ மூடியிருக்கிறார்கள் என்று நினைத்து லேனைப் பார்த்தேன். அக்கா வீசிய பந்து இடது ஓரத்திலிருந்து புறப்பட்டு, வளையவே இல்லாமல், நேராகப் போய் ஓரக் கட்டை ஒன்றை மட்டும் தட்டியது.

அவர் வந்து உட்கார்ந்தார். "ஸ்க்ரூ பாக்கற டேபிள்ல இப்ப மிஷினே பாக்குது டீச்சரம்மா, முடுக்கறதும் அதான். என்னை பேக்கிங்ல போட்டு ரெண்டு மாசம் ஆவுது. அட்டப்பொட்டி ஒட்டிக்கினு கீறேன். டீமுல கீறதாலதான் அதுலயாவது வச்சாங்களாம்." கணவரின் தறியைப் பற்றிக் கேட்டேன், அதுவும் பாதி நாள் நிற்கிறதாம். அடுத்த போட்டிக்குப் பின்னால் அடுத்த ஒப்பந்தம். நேர்ப்பந்தோடு அவர் அணியில் இருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். தன் வலக்கையைப் புரட்டிப் பார்த்தார்.

"இப்ப லூஸ் பண்ணலாம் இல்ல? திரும்பி வர்றதுக்கு ஸ்க்ரூவே இல்லியே."

எழுந்து வலப்பக்கம் போய் நின்று, பந்தை மார்புக்கு நேரே தூக்கினார். நான் பாட்டிலை மூடினேன். மூடிய பிறகு, என்னை அறியாமலே, இன்னொரு முறை இறுக்கினேன்.