சாவி தொலையவில்லை

ஹம்சவேணியின் அப்பா வெங்கடசுப்பிரமணியன் பன்னிரண்டு வருடம் யெஸ்டி மோட்டார் சைக்கிளில் சேலை விற்றவர். பின்னால் இரண்டு பக்கமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு காலையில் மதுரையை விட்டுக் கிளம்புவார். ஒரு நாள் சமயநல்லூர் பக்கம், ஒரு நாள் திருமங்கலம் பக்கம். ஊருக்கு வெளியே வண்டிச் சத்தம் கேட்டாலே பெண்கள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

1986 ஆடி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயின. பேச்சிலும் பாதி போனது. குடும்பத்தின் சேலைக்கடையையும் ஊர் வியாபாரத்தையும் அவர் தம்பி ராஜகுரு பார்த்துக்கொண்டார். அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஒரு வேன் வாங்கினார். யெஸ்டி கடையின் சரக்குக் கிட்டங்கிக்குள் போய்விட்டது.

அப்பா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். தலை எப்போதும் வாசல் பக்கமே திரும்பியிருக்கும். "ஊர்லருந்து ஒருத்தர்கூட வரலையா?" என்று குழறிக் குழறிக் கேட்பார். அப்போது ஹம்சவேணிக்குப் பதினேழு வயது. வரவில்லை என்று சொல்ல வாய் வராமல், தண்ணீர் எடுக்கப் போகிறவள் போல எழுந்து போய்விடுவாள்.

கடைசி நாட்களில் அவர் கேட்டது ஒன்றுதான். அந்த வண்டியை வாசலில் கொண்டுவந்து ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னார். அம்மா கடைக்குப் போய்க் கொழுந்தனிடம் கேட்டாள்.

"சாவி தொலைஞ்சு போச்சு அண்ணி. அந்த இரும்பு இப்ப எதுக்கு?" என்றார் ராஜகுரு.

குடும்பத்துக்குள் எல்லாரும் சௌராஷ்டிர மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். அன்று அவர் தமிழில் சொன்னார், கடைக்கு வந்த வேற்றாளிடம் சொல்வது போல. அடுத்த வாரம் அப்பா இறந்தார்.

ஹம்சவேணி ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த வரன்களை வேண்டாமென்றாள். ஒன்பது வருடம் கழித்து, 1998இல், ராஜகுரு கிட்டங்கியை விற்றார். வண்டி வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும் என்று ஆள் அனுப்பினார்.

அம்மாவும் மகளும் போனார்கள். கூலியாட்கள் மேலே கிடந்த சாக்குகளை இழுத்துப் போட்டார்கள். தூசிக்கு அடியில் வண்டி நின்றது. சாவி அதன் துவாரத்திலேயே செருகியிருந்தது.

அம்மா அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஹம்சவேணி சாவியைத் தொட்டுப் பார்த்தாள். துருப்பிடித்து இறுகியிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் யாரும் அதை உருவவே இல்லை. அவள் அழவில்லை. இந்த ஆளை விடக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

கைவண்டியில் ஏற்றி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பேயாண்டியின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

"பேசாம வித்துரும்மா. இஞ்சின் இறுகிப் போச்சு" என்றார் பேயாண்டி.

"ஓட்டணும்ண்ணே."

"யாரு ஓட்டப்போறா?"

"நான்தான். எங்க சித்தப்பா வேன் எந்தெந்த ஊருக்குப் போகுதோ, அங்கயெல்லாம்."

பேயாண்டி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

பிளக்கைக் கழற்றி, டீசலை ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டார். பிஸ்டன் அப்போதும் அசையவில்லை. பிறகு சிலிண்டரைத் தட்டித் தட்டிக் கழற்றி, உள்பக்கத்தைக் கடைந்து ரீபோர் போட்டுப் புது பிஸ்டன் இறக்கினார். ஏர் பில்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தது, சேலைக் கிழிசலை வைத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹம்சவேணி வருவாள். டேங்கில் மண்ணெண்ணெயும் சரளைக்கல்லும் போட்டுக் கை வலிக்கக் குலுக்குவாள். உள்ளேயிருந்து செங்கல் நிறத்தில் தண்ணீர் வரும். உப்புத்தாள் வைத்துச் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள். தேய்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் குரல்தான் கேட்கும்: அந்த இரும்பு இப்ப எதுக்கு?

நான்காம் மாதம் வண்டி கிளம்பியது. பட்டறை முழுக்கப் புகை. பேயாண்டி சிரித்தார். ராஜகுருவின் வேன் எந்தக் கிழமை எந்த ஊருக்குப் போகிறது என்று ஹம்சவேணி மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

காய்ந்து கிடந்த வைகைக்குள் ஓட்டிப் பழகினாள். இரண்டு தடவை விழுந்தாள். சைலன்சர் சுட்டுக் கெண்டைக்காலில் தழும்பு விழுந்தது. தை பிறந்ததும் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு மூட்டை கட்டினாள்.

முதலில் போனது சமயநல்லூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். சத்தம் கேட்டு ஒச்சாயி என்ற பெண் தலையில் இருந்த புல்லுக்கட்டோடு நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"யாரு தாயி நீ? இது சேலைக்காரரு வண்டில்ல?"

"அவரு மகம்மா."

ஒச்சாயி கட்டை இறக்கிப் போட்டாள். "தங்கமான மனுசன். எம் மூத்தவ வயசுக்கு வந்த வருசம், எம்பத்தாறுல போய்ச் சேந்துட்டாரு. அன்னைக்கு இந்தத் தெருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் இங்க உக்காந்து அழுதோம்."

"எம்பத்தாறா? அப்பா எறந்தது எம்பத்தொம்பதும்மா."

"என்ன சொல்ற? உங்க சித்தப்பாருதான வேன்ல வந்து சொன்னாரு! மூஞ்சியப் பாக்க வாரோம்னோம். எடுத்தாச்சு, வரவேணாம்னுட்டாரு."

ஹம்சவேணிக்கு வாசல் பக்கம் திரும்பியிருந்த தலை நினைவுக்கு வந்தது. அப்பா உயிரோடு காத்துக் கிடந்த மூன்று வருடமும் இவர்கள் அவரைச் செத்தவராக நினைத்திருக்கிறார்கள். அன்று அவள் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. நடந்ததையெல்லாம் ஒச்சாயியிடம் சொன்னாள். சொல்லி முடித்தபோது தெருவே கூடியிருந்தது.

"நீயும் அந்தச் சித்தப்பன் செத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லிரு" என்றாள் ஒச்சாயி பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேணாம்மா. உசுரோட வரட்டும். வந்து உங்க மூஞ்சியப் பாக்கட்டும்."

அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போனாள். சேலை விற்றாள். அப்பா இறந்த தேதியையும் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை அவள் ஒச்சாயி ஊரில் இருந்தபோதே, இரண்டு மாதமாக அந்தப் பக்கம் வராதிருந்த வேன் வந்தது. ராஜகுரு இறங்கி, சிரித்தபடி சேலைகளை விரித்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் கை நீட்டவில்லை.

"உங்க அண்ணன் என்னைக்குச் செத்தாரு?" என்று ஒச்சாயி கேட்டாள்.

ராஜகுருவின் சிரிப்பு நின்றது. வேப்பமரத்தடியில் நின்ற யெஸ்டியை அப்போதுதான் பார்த்தார்.

"உன்னத்தான கேக்குறா, சொல்லுய்யா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அவர் சேலைகளை மடிக்காமலே வாரி வேனுக்குள் எறிந்துவிட்டு ஏறினார். ஹம்சவேணி வண்டியில் சாய்ந்து நின்று, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள் என்று அம்மா பிற்பாடு சொல்வாள்.

ஒரு மாதம் கழித்து ராஜகுரு வீட்டுக்கே வந்தார். "வியாபாரம்மா. படுத்திருக்காருன்னு சொன்னா, எந்திரிச்சு வரட்டும்னு காத்திருப்பாளுக. எங்கிட்ட எவ வாங்குவா?"

"சாவி தொலஞ்சுபோச்சுன்னது எந்த வியாபாரத்துக்கு?"

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டும்போது, "இன்னும் எத்தன ஊருக்குத்தான் சொல்லுவ?" என்றார்.

"பதினோரு ஊரு பாக்கி இருக்கு சித்தப்பா."

பதினோரு ஊருக்கும் போனாள். அந்த வருடமே வேன் விலைக்குப் போனது. ராஜகுரு கடையோடு முடங்கினார். தினமும் காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு ஹம்சவேணி அந்தத் தெரு வழியாகத்தான் போவாள். வேறு வழி சுருக்கம் என்று பேயாண்டி சொல்லியும் மாற்றவில்லை. "போதும்டி, வயசான மனுசன்" என்றாள் அம்மா. போதும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

2003இல் ராஜகுரு கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூரில் மகன் சாய்பிரசாத் வீட்டோடு போய்விடுவதென்று முடிவானது. போகும் முன் அண்ணியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அம்மா போகவேண்டும் என்றாள். ஹம்சவேணியே பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே போகவில்லை. வாசலில் இன்ஜினை அணைக்காமல், ஆக்சிலேட்டரை முறுக்கியபடியே நின்றாள்.

கால் மணி நேரத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

"என்ன சொன்னாரு?"

"கையப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னாரு. இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலடி."

ஹம்சவேணி கியரைப் போட்டாள்.