மஞ்சள் துணி கட்டிய பதினொரு காய்கள்

கோகிலவாணிக்குத் தோட்டத்தில் கூடமாட ஓர் ஆள் வேண்டும்தான். ஆனால் அன்பரசனைப் போல ஓர் ஆள் வேண்டும் என்று அவள் எந்தச் சாமியிடமும் கேட்டுக்கொண்டதில்லை.

ஜவ்வாது மலையில் அவளுக்கு இருப்பது முக்கால் ஏக்கர். கடை உரம், பூச்சி மருந்து எதையும் அண்டவிடாமல் அதில் பத்துப் பன்னிரண்டு வகைக் காயும் நாலு வகைக் கீரையும் போடுகிறாள். செவ்வாய்க்கிழமை சந்தவாசல் சந்தை. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அமிர்தி வழியாக வேலூருக்குப் போய், வாடிக்கை வீடுகளில் கொடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவாள். இயற்கை விவசாயம் பழக ஆசைப்படுகிறவர்களை ஜூனிலிருந்து நவம்பர் வரை இப்படிப்பட்ட தோட்டங்களுக்கு அனுப்பிவைக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று திருவண்ணாமலையில் இருக்கிறது. இந்த வருஷம் அவளுக்கும் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். காலேஜ் முடித்த பெண் யாராவது வருவாள் என்று நினைத்து, கூடுதலாக ஒரு பாய் வாங்கி வைத்தாள்.

வந்தது ஐம்பத்து மூன்று வயது அன்பரசன். சொந்த ஊர் சந்தவாசல். ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங் பிரிவில் இருந்தவர். தையல் கோணினால், தோலில் கீறல் இருந்தால், எடுத்து ஓரம் வைப்பதுதான் வேலை. கம்பெனியை விட்டு வந்ததும், ஊரில் இருக்கும் அரை ஏக்கரில் காய்கறி போட்டே தீருவது என்று கிளம்பிவிட்டார். அவர் தங்குவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அவள் மாட்டுத் தீவனம் வைக்கும் அறையைக் காலிசெய்துதான் இடம் கொடுத்தாள். வைக்கோலை எங்கே வைப்பது என்கிற எரிச்சல் அன்றைக்கே ஆரம்பித்தது.

மனிதர் சோம்பேறி இல்லை. அதுதான் தொல்லையே. சோம்பேறி என்றால் ஒரு மூலையில் கிடப்பான், தோட்டம் பிழைக்கும். இவர் அவள் கண் விழிப்பதற்குள் பாதித் தோட்டத்தைச் "சரி" செய்திருப்பார். வெண்டைக்காயில் வளைந்ததையெல்லாம் பொறுக்கி ஓரம் வைப்பார். மண் காயாமல் இருக்கப் பாத்தியில் பரப்பிய சருகைக் குப்பை என்று கூட்டி அள்ளுவார்.

"இன்னாண்ணா இது? சருக ஏன் வாரினீங்க?"

"நீட்டா இருக்கட்டும்னுதான் மேடம்."

அந்த 'மேடம்' வேறு. கோகிலவாணிக்கு முப்பத்து நாலு வயது. அவளை அப்படிக் கூப்பிட்ட ஆள் மலையில் வேறு யாரும் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். கத்திரி நாற்றைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அவள் தோட்டத்துக் கத்திரி வேறு எங்கேயும் கிடையாது. பச்சையில் வெள்ளை வரி ஓடிய சின்னக் காய். பூச்சி விழாத செடியாகப் பார்த்து, அதன் விதையை மட்டும் எடுத்து, மறு வருஷம் போட்டு, அதிலும் நல்ல செடியாகப் பார்த்து, இப்படி ஏழு வருஷம் அவளே பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கியது. வேலூர் வீடுகளில் கீரையை மறந்தாலும் திட்டமாட்டார்கள், இந்தக் கத்திரி இல்லையென்றால் முகம் கோணுவார்கள். விதை கேட்காத ஆள் இல்லை. யாருக்கும் அவள் ஒரு விதைகூடக் கொடுத்ததில்லை. அன்பரசன் வந்த மாசத்திலேயே தன் அரை ஏக்கருக்குக் கேட்டார்.

"சீசன் முடியட்டும்ணா, பாக்கலாம்" என்றாள். கொடுக்கிற எண்ணம் துளியும் இல்லை.

அந்த நாற்றங்காலுக்குத்தான் அன்பரசன் வேளைக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்றினார். நாலே நாளில் நாற்று அடியழுகிப் படுத்துவிட்டது. டப்பாவில் மிச்சம் வைத்திருந்த விதை முழுவதையும் போட்டுத்தான் இரண்டாம் தரம் நாற்று எடுத்தாள். டப்பா காலி. இனி விதை என்றால், அந்தச் செடிகளில் காய்க்கிற காயில்தான்.

அதனால்தான் புரட்டாசி கடைசியில், இருந்ததிலேயே நல்ல செடிகளாகப் பார்த்து, பதினொரு காயை விதைக்கு விட்டாள். தவறிப்போய்ப் பறித்துவிடக் கூடாது என்பதற்காகப் பழைய மஞ்சள் புடவையைக் கிழித்து ஒவ்வொரு காம்பிலும் ஒரு துண்டு கட்டினாள். மலையில் எல்லாரும் இப்படிக் கையில் கிடைத்த துணியைக் கட்டுவதுதான்.

"இது இன்னா மேடம்?" என்று அன்பரசன் கேட்டார்.

சந்தைக்கு நேரமாகிவிட்டது. மூட்டை வேறு கட்டவில்லை. "அதத் தொடாதீங்கண்ணா. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்பரசன் தொடவில்லை. செடிக்குப் பக்கத்தில் போகும்போது செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுப் போனார். அதைப் பார்த்து, பரவாயில்லை, மனிதருக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

கார்த்திகை பிறந்து முதல் வெள்ளி. அவள் வேலூருக்குப் போனாள். அன்பரசன் வாராவாரம் போல மத்தியான பஸ்ஸில் சந்தவாசல் இறங்கிவிட்டார். சனிக்கிழமை காலையில், காய் பழுத்திருக்கும், அறுத்துவிடலாம் என்று கத்திரிப் பாத்திக்குப் போன கோகிலவாணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதினொரு காயையும் காணோம். காம்பைச் சுத்தமாக, கோணாமல், கத்தியால் வெட்டி எடுத்திருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்த்ததுமே யார் வேலை என்று தெரிந்துவிட்டது.

போனில் சிக்னல் கிடைக்கும் பாறை வரைக்கும் ஓடினாள்.

"அண்ணா! துணி கட்டுன காயெல்லாம் எங்க?"

"கவலப்படாதீங்க மேடம், செலுத்திட்டேன்."

"இன்னா செலுத்திட்டீங்க?"

"வேண்டுதலத்தான். நீங்க மறந்துட்டீங்க. காயெல்லாம் பழுத்து மஞ்சளா ஆயிட்ச்சி. அழுகிட்டா சாமிக் குத்தம் இல்லியா? எல்லாத்தையும் தொடச்சி, துணியோடவே எங்கூரு கன்னிமார் கோயிலுக்கு எடுத்தாந்து வெச்சிட்டேன்."

அவர் வீட்டில் அப்படித்தான் வழக்கமாம். செடியில் முதலில் காய்க்கும் தலைக்காயில் மஞ்சள் துணி கட்டினால் அது கன்னிமாருக்கு. யாரும் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை பார்த்துப் பறித்து, கோயிலில் வைத்தால், அன்றைக்குச் சாயங்கால அன்னதானச் சாம்பாரில் சேர்த்துவிடுவார்கள்.

சாம்பார் என்ற சொல் காதில் விழுந்ததும் கோகிலவாணி பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷம். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த நிறுவனத்தின் மேல், கம்பெனியின் மேல், கன்னிமார் மேல்கூட வந்தது. "பஸ்ஸு ஸ்டாண்டுலயே நில்லுங்க, வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் வளைவுக்கு வளைவு முக்கி முனகி இறங்கியது. வழியெல்லாம் அவரை என்னென்ன கேட்கவேண்டும் என்று அடுக்கி வைத்துக்கொண்டே வந்தாள். சந்தவாசலில், தேய்த்த சட்டையோடு, கையில் பிரசாதப் பொட்டலத்தோடு நின்றார் அன்பரசன். "ஒங்க பேருக்குத்தான் அர்ச்சன பண்ணேன் மேடம்" என்று நீட்டினார். அடுக்கி வைத்ததில் பாதி அங்கேயே மறந்துபோனது.

"அது வெதைக்கு வுட்ட காய்ண்ணா! வேற வெத இல்ல எங்கிட்ட!"

அன்பரசன் முகத்தில் ஈயாடவில்லை. "சொல்லலியே மேடம்" என்றார், மெதுவாக.

சொல்லவில்லைதான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு கன்னிமார் கோயிலுக்கு நடந்தாள்.

கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால், வெள்ளிக்கிழமைதோறும் அன்னதானத்துக்குச் சமைக்கும் சின்னக்குழந்தை முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய குடியானவப் பெண். அன்பரசனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாய்யா. முத்தி மஞ்சளான காயக் கொண்டாந்து கொழம்புக்கு வெச்ச மகராசன் நீதானா? கசக்கும்யா, எவன் துன்னுவான்? அறுத்து வெதைய அலசி, சாம்பல் போட்டுப் பெரட்டி வெச்சிகீறேன், பாரு."

முறத்தில் விதை. கோகிலவாணிக்கு மூச்சு வந்தது. குனிந்து ஒரு விதையை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். நல்ல முற்றல்.

"யக்கா, இது என் தோட்டத்துது. வெதைக்கு வெச்சிருந்தேன். கொஞ்சம் குடுங்கக்கா" என்றாள்.

சின்னக்குழந்தை நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "செவ்வாக்கெழம சந்தையில வரிக்கத்திரி விக்கிறது நீதான? ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒங்கிட்ட வெத கேட்டேன், நெனப்புகீதா? 'நான் வெதைக்கே வுடறதில்லக்கா'ன்னியே."

நினைப்பு இருந்தது. அதே வாயால்தான் இப்போது கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு முகம் சுட்டது.

"நேத்து கூட வேல செஞ்ச நாலு பேருக்கும் ஈரத்தோடவே ஆளுக்கு ஒரு கை அள்ளிக் குடுத்துட்டேன்" என்றாள் சின்னக்குழந்தை. "இன்னும் ரெண்டு மாசத்துல நாலு ஊர்ல இந்தக் கத்திரி நிக்கும். ஒங்கிட்ட வெத போயிட்டா அங்க வந்து வாங்கிக்க." சொல்லிக்கொண்டே முறத்தில் இருந்ததில் பாதியைப் பேப்பரில் மடித்து அவள் கையில் வைத்தாள். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை, ஒரு குத்தல் இல்லை. அவள் இன்னும் குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியாவது கோபத்தைத் தீர்த்திருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அன்பரசன் கூடவே வந்தார். விதை கேட்கவில்லை. கடைசியில், "மேடம், திங்கக்கெழம நான் மேல வரட்டுங்களா, வாணாங்களா?" என்று கேட்டார்.

கோகிலவாணி பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போனாள். ஒரு பேப்பர் வாங்கினாள். பொட்டலத்தைப் பிரித்து, விதையைச் சரிபாதியாகப் பங்கிட்டு, ஒரு பாதியை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். கோபம் இன்னும் தீரவில்லைதான்.

"தண்ணி ஒரு வேளதான் ஊத்தணும்" என்றாள். "காலையில. கை தெளிப்பா. நல்ல செடியில துணி கட்டி வெதைக்கு வுடுங்க. யாரு கேட்டாலும் குடுங்க."

"சரிங்க மேடம்."

"மேடம்னு கூப்புட்டா இப்பவே புடுங்கிக்குவேன்."