பேய் என்று எழுதிய குப்பி

எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு பேய். சின்னக் குப்பி, அதன்மேல் பி, ஈ, ஐ என்று மூன்று ஆங்கில எழுத்துகள். பாலிஎத்திலீன் இமைன் என்ற பாலிமரின் சுருக்கம். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகிய என் கண், வந்த முதல் வாரம் அதைப் ‘பேய்’ என்றே வாசித்தது. நான் சிரிக்க, பக்கத்து மேசை சபீனா ஏன் என்று கேட்டாள். என் மொழியில் வாசித்தால் இது ‘கெஷ்பென்ஸ்ட்’ என்று, பேய்க்கான ஜெர்மன் சொல்லைச் சொன்னேன். முகம் மாறாமல், கையுறை போட்டுக்கொண்டால் ஆபத்தில்லை என்றாள். ஜெர்மனியில் முனைவர் பட்டம் வாங்கிவிடலாம், ஒரு வேடிக்கையைப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

உண்மையில் அது செய்வதும் பேயின் வேலைதான். மரபணுவுக்கு எதிர்மின் தன்மை, செல்லின் மேற்பரப்புக்கும் அதேதான். ஆகவே ஒன்றையொன்று தள்ளும். நேர்மின் தன்மையுள்ள இந்தப் பாலிமர், மரபணுவைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு செல்லுக்குள் புகுந்துவிடும். பிறகு அந்தச் செல் தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைச் செய்யத் தொடங்கும். அளவு குறைந்தால் ஒன்றும் நடக்காது, கூடினால் செல் செத்துவிடும்.

என் தம்பி செந்தில், திருக்காட்டுப்பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது வரப்பில் நடக்கையில் விழ ஆரம்பித்தான். உச்சிவேளையில் குடமுருட்டி ஆற்றங்கரையில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான், பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள். அந்த அடி எனக்கு இன்னும் வலிக்கிறது. பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில், தசைக்கான மரபணு ஒன்று பழுது என்றார்கள். என் வயதுக்காரர்கள் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா பறந்த காலத்தில், அவனுக்காகவே நான் இந்தப் படிப்பை எடுத்து இங்கே வந்தேன். பின்னர் அவன் சம்மதத்தோடு எடுத்த துளித் தோலும் வந்தது. அதிலிருந்து செல்களை, ஊட்டநீர் மாற்றி மாற்றி வளர்த்தேன். பேயின் கதையை அவனுக்குச் சொல்லியிருந்ததால், ஒவ்வொரு முறை போனிலும் அதைத்தான் விசாரிப்பான்.

“பேய் புகுந்துச்சாக்கா?”

“இன்னும் இல்லடா.”

“ஊர்ல மட்டும் ஈசியாப் புகுந்துச்சு.”

சம்பா அறுப்புக்கு முன்பே அவன் மூச்சு நின்றுவிட்டது. ஊருக்குப் போனேன், அஸ்தியைக் காவிரியில் கரைத்துவிட்டுத் திரும்பினேன். சில வாரங்களில், ஒரு காலையில், நுண்ணோக்கியின் அடியில் அவனுடைய செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. உள்ளே புகுந்தால் ஒளிர்ந்து காட்டும் வெறும் சோதனை மரபணு அது, நோயைத் தீர்ப்பதல்ல. ஆனாலும் புகுந்துவிட்டது. கேட்க வேண்டியவன் இல்லை. நான் விம்மி அழுதேன். சபீனா அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, மதியம் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தாள்.

போதும், வந்துவிடு என்று அம்மா வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவுசெய்திருந்தேன். அந்த வாரம், அம்மாவிடம் இதுவரை விளக்கிச் சொல்லாத செல்களைப் பற்றிச் சொன்னேன்.

“உயிரோடவா இருக்கு?”

“ஆமாம்மா.”

“வளருதா?”

“வளருதும்மா.”

“அப்ப நீ கிளம்பி வந்துட்டா, அவன்கூட யாரு இருப்பா?”

ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அம்மா என்னை வா என்று சொன்னதே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, அப்பா காவிரியில் இறங்கி அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாளில், நான் இங்கே அவனுக்கு ஊட்டநீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.