இரண்டு பந்தல், ஒரு குண்டான் சோறு

மைதாப் பசை புளித்தால் எழுகிற நாற்றம்தான் இன்றைக்கும் எனக்குத் தேர்தல். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவும் மாமாவும் வாளி நிறையப் பசை காய்ச்சி, பெருங்களத்தூர் வரைக்கும் சுவர் விடாமல் போஸ்டர் ஒட்டிவிட்டு வருவார்கள். அப்பா கொத்தனார். அம்மாவின் ஒரே தம்பியான மாமா அவரிடமே வேலை பழகியவர். இருவரும் ஒரே கட்சி. "செத்தாலும் இந்தக் கொடியத்தான் எம்மேல போத்தணும்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். வாக்குப்பதிவு நாளன்று பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்குப் பெயர் பார்த்து "பூத் சிலிப்" எழுதிக் கொடுப்பார்கள். மதியம் அம்மா ஒரு குண்டானில் குழம்புச் சோறு பிசைந்து எடுத்துப் போவாள். நான் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் போவேன்.

ஏரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த தெரு எங்களுடையது. எங்கள் கட்சிக்காரர்கள் லாரி விடுவதாகச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினார்கள். எதிர்க்கட்சி விட்டே காட்டியது. மாமா அங்கே போய்விட்டார், தெருவில் பாதிப் பேரும் அவர் பின்னாலேயே போனார்கள். அப்பாவுக்கு அது முதுகில் குத்தியதாகவே பட்டது. "அவனுக்கு ஒரு வாய் சோறு போச்சுன்னு தெரிஞ்சுது, நீயும் அவன் வூட்டுக்கே பூடு" என்றார் அம்மாவிடம்.

அந்தத் தேர்தலில் சாலைக்கு இந்தப் பக்கம் அப்பாவின் பந்தல், அந்தப் பக்கம் மாமாவின் பந்தல். காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுப் போன அம்மா, மதியம் வழக்கம்போல அதே குண்டானோடு வந்தாள். இரண்டு பந்தலிலும் பேச்சு நின்றுவிட்டது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மா இரண்டு பக்கமும் போகவில்லை. நடுவில் மூடியிருந்த டீக்கடை பெஞ்சில் குண்டானை இறக்கி, மூடியைத் திறந்து, "பசிக்கிறவங்க வந்து துன்னுங்க" என்றாள்.

மாமா எழுந்தார். பக்கத்திலிருந்த ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து இழுக்க, அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அப்பா தலையே நிமிர்த்தவில்லை. வெயில் தலையைப் பிளந்தது, சோற்றில் ஈ உட்கார ஆரம்பித்தது, யாராவது வந்து தொலைய மாட்டார்களா என்று எனக்கு அழுகை முட்டியது. ஒருவரும் வரவில்லை. அம்மா மூடியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தேர்தல் முடிந்ததும் மாமா குடும்பத்தோடு படப்பைக்குக் குடிபோய்விட்டார்.

அடுத்த தேர்தலுக்குள் அப்பாவே மாமா போன அந்தக் கட்சிக்குப் போய்ச் சேர்ந்தார். கொடுமை என்னவென்றால், மாமா அதற்குள் மூன்றாவது ஒன்றுக்குத் தாவியிருந்தார். அதற்குப் பிறகு இருவரும் எங்கெங்கே போனார்கள் என்ற கணக்கு எனக்கே குழம்பிவிட்டது. ஒரே பந்தலில் மட்டும் மறுபடி உட்காரவே இல்லை. மாமாவின் சாவுக்குத்தான் அப்பா படப்பை வீட்டு வாசலை மிதித்தார்.

இப்போது ஏரியைச் சுற்றி அடுக்குமாடிகள். எந்தத் தெரு எந்தக் கட்சி என்று யாராலும் சொல்ல முடியாது. பந்தல்கள் சிறுத்துப்போய் ஒரு மேசையும் குடையுமாகிவிட்டன. உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு ஸ்கூட்டரில் பிரியாணிப் பொட்டலம் வருகிறது. வீட்டுச் சோறு கொண்டுவருகிற ஒரு பெண்ணையும் காணோம்.

இந்தத் தேர்தலில் அப்பாவையும் அம்மாவையும் நான்தான் அழைத்துப் போனேன். ஓட்டுப் போட உள்ளே போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் அப்பா எரிந்து விழுந்தார்: "இன்னா இத்தினி நேரம்? நம்ம சின்னம் தெரியலியா?"

"எந்தம்பி எந்தக் கட்சில கீறானோ, எப்பவும் அதுக்குத்தான் போடுவேன். இப்போ அவன் இல்ல. எதை அமுக்குறதுன்னு தெரியாம நின்னுகினு இருந்தேன்."

அப்பாவின் முகம் மாறியது. "அன்னிக்குமா?" என்றார்.

"அன்னிக்குந்தான்" என்றாள் அம்மா. "சோறுதான் குடுக்க வுடல நீ."